நுனி கிள்ளிய கை

அரளியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வல்லக்கோட்டை முருகனுக்குச் செவ்வரளி மாலை என்றால் கொள்ளைப் பிரியம் என்று ஊரே சொல்லும். முருகனுக்கு என்ன, கழுத்தில் வாங்கிக்கொண்டு நிற்பார். விடியுமுன் போய் மொட்டு மொட்டாகப் பறித்துக் கொடுத்த எங்கள் குடும்பத்துக்கல்லவா தெரியும், அந்தப் பால் விரலில் காய்ந்து அரிக்கிற அரிப்பு. ஆடு மாடுகூட வாய் வைக்காத செடி. ஆனால் அந்தச் செடியிடம்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். அந்தத் தொழில் தெரியும் என்ற திமிரில்தான் பிற்பாடு ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்தேன்.

அரளியில் கற்றது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே மூன்று கிளை வெடிக்கும், மூன்றிலும் பூ வரும். பாவம் என்று விட்டுவிட்டால் ஒற்றைக் குச்சியாக நெட்டுக்கு வளர்ந்து வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து, நடுவதற்குக் குச்சி வெட்டும்போது அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். நூறு குச்சியை ஒன்றாகக் கட்டி எடுத்துப் போனாலும் எது தலை, எது கால் என்று சாய்வைப் பார்த்தே தெரிந்துவிடும். தலைகீழாக நட்டால் அரளிகூட முளைக்காது. இந்த இரண்டும் என் கைக்குப் பழகிப்போயிருந்தன. யோசிக்காமலே கை செய்யும்.

எங்கள் பக்கம் நிலங்களெல்லாம் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்த 2007-ல், ஒரகடத்தில் கார்ப் பாகம் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பாகம் என்று கேட்காதீர்கள். எட்டு வருடம் வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது, தோட்டத்துக்காரியை உள்ளே விடமாட்டார்கள். காண்டிராக்டில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் என்னையே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மதில் ஓரம் முழுக்க அரளி நட வேண்டும் என்றார்கள். அரளியை விட்டு ஓடி வந்தவளுக்கு அரளியே வேலையாக வந்து சேர்ந்தது, கேளுங்கள் என் அதிர்ஷ்டத்தை.

அரளி மதிலை ஒட்டிக் கிடுகிடுவென்று வந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் பாருங்கள், பகலெல்லாம் லாரிப் புகை, கோடையில் ஒரு சொட்டு தண்ணீர் கிடையாது, அங்கேயும் கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை எங்கள் கேட் முன்னால் டிரெய்லர் ஒன்று திரும்பும்போது நாலு செடியை வேரோடு சாய்த்துவிட்டது. குப்பைமேட்டில் தூக்கிப் போட்டோம். பத்தாம் நாள் குப்பைமேடு பூத்திருந்தது.

என்னை ஆச்சரியப்பட வைத்தது இன்னொன்று. கம்பெனித் திறப்பு விழாவுக்கு வந்த வெளிநாட்டுச் சேர்மன் ஆபீஸ் வாசலில் ஒரு கன்று நட்டார். கிறிஸ்துமஸ் மரம் என்று சொன்னார்கள். பக்கத்தில் கருங்கல்லில் அவர் பெயரைப் பொறித்து வைத்தார்கள். சவுக்குத் தோப்பில் பிறந்து வளர்ந்தவர் எங்கள் செக்யூரிட்டி. அவர் என் காதருகில் வந்து, "இன்னாம்மா இது, ஒரு சவுக்குக் கன்னு நட இவ்ளோ பெரிய ஆளு பிளேன்ல வரணுமா?" என்றார். நானும் சிரித்தேன். சவுக்கு மாதிரிதான் தெரிந்தது, கொஞ்சம் திருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது சவுக்கு இல்லை என்று முதலில் கண்டுகொண்டவர் எங்கள் குழுவில் இருந்த ஓர் அண்ணன். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். உள்ளே மெஷின் லைனில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தவரை, வயது நாற்பது தாண்டிவிட்டது என்று கழித்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வந்துவிட்டார். பென்னலூரில் ஒரு ரூம் எடுத்து மனைவியோடு இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் நிழல் தேடுவோம். அவர் மட்டும் அந்த மரத்தின் முன்னால் போய் உட்காருவார்.

"தங்கச்சி, இங்க வந்து பாரேன். ஒரு அடுக்குல அஞ்சு கை. அதுக்கு மேல அஞ்சு. அதுக்கு மேலயும் அஞ்சு. யாரோ எண்ணி வச்சாப்ல இருக்குலா?"

"நீ எண்ணிகினே இருண்ணா. புல்லை யாரு வெட்றது?"

அவரைக் கேலி செய்தேனே தவிர, அவர் போன பிறகு நானும் எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். கிளைகள் ஒவ்வொன்றும் தரைக்குப் படுக்கையாகக் கை நீட்டியிருந்தன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே வெறும் தண்டு. உச்சியில் கோழிக்கொண்டை அளவுக்கு ஒரே ஒரு பச்சைக் குருத்து, அதுதான் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஓர் அடுக்கு வரப்போகிறது என்றால் முதலில் அந்தக் கொண்டையைச் சுற்றி ஐந்து பச்சைப் புள்ளி தெரியும். அரளியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. அரளியில் எந்தக் கிளை எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. இந்த மரமோ மண்ணுக்குள் வரும்போதே கணக்கைப் படித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

இரண்டு வருடம் போனது. 2009-ல் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் ரெண்டாவது லைன் ஓப்பனிங். சேர்மன் வராரும்மா. அவர் நட்ட மரம் எலும்புக்கூடு மாதிரி நிக்குது பாரு. கொஞ்சம் புஷ்ஷியா தெரியணும். ஏதாவது பண்ணு."

உரம் போடு என்று சொல்லியிருந்தால் உரம் போட்டிருப்பேன். ஏதாவது பண்ணு என்றார். பூச்செடி வளர்த்தவளிடம் அப்படிச் சொல்லலாமா? செடி அடர்த்தியாக வர என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத்தான் தெரியுமே.

பூஜைக்கு முதல் நாள் அந்த அண்ணன் செக்யூரிட்டியிடம் ஏணி வாங்கி வந்து ஆபீஸ் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். மதியம் ஏணியை அப்படியே சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நான் ஏணியை நாலடி நகர்த்தி மரத்தின் பக்கம் வைத்து ஏறினேன். ஒரு சாண் நீளத்துக்கு உச்சிக் கொண்டையை வெட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கீழே இறங்கி, கருங்கல்லை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு கிளைகளையும் வெட்டினேன். அந்த இரண்டும் விசிறி மாதிரி அழகாக இருந்ததால், வீட்டில் நட்டுப் பார்க்கலாம் என்று பையில் சுருட்டி வைத்தேன். குட்டையாக இருந்த கொண்டையை அரளிக் கழிவோடு குப்பைமேட்டில் எறிந்தேன். ஏணியைப் பழைய இடத்தில் வைத்தேன். இன்னும் பத்து நாளில் மூன்று கிளை வெடிக்கும், மேனேஜர் வாயைப் பிளப்பார் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பொரி வாங்கிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வந்தபோது மேனேஜர் மரத்தடியில் நின்றிருந்தார். வெட்டிய இடத்தில் பிசின் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டாராம். இந்த ஜாதி மரத்துக்கு உச்சி ஒன்றுதான், போனால் போனதுதான், மரம் மொட்டையாகவே நின்றுவிடும் என்று போட்டிருந்ததாம். முகம் சிவந்திருந்தது. எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"யாரு இதுல கை வச்சது?"

செக்யூரிட்டி முன்னால் வந்தார். "ஏணிய எடுத்துகினு போனது இவருதான் சார். நான்தான் குடுத்தேன்."

"நான் தோரணம்தான் சார் கட்டினேன். மரத்த நான் தொடவே இல்ல," என்றார் அண்ணன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "உன் ஆளுதானே? நீ என்னம்மா சொல்ற?"

சூப்பர்வைசர் ஆகி அப்போதுதான் நாலு பேர் மதிக்க ஆரம்பித்திருந்தார்கள். காரணம் எத்தனையோ சொல்லலாம். பயந்தேன், அதுதான் நிஜம்.

"தெரில சார்," என்றேன்.

அண்ணனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் சாமான்களை எடுக்கக் கொட்டகைக்குப் போனார், அங்கிருந்து குப்பைமேட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். பிறகு கேட்டில் செக்யூரிட்டி அவருடைய ஒயர்க் கூடையைத் துழாவினார், "குப்பைதான் சார்" என்று அண்ணன் சொல்வது கேட்டது. போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த இரண்டு நாள் காலையில் மெயின் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றார். வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க வந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு நாளும் லாரி போகிற பின் கேட் வழியாக உள்ளே போனேன். மூன்றாம் நாள் அவர் இல்லை.

மரத்துக்கு வருகிறேன். பத்து நாளில் வெடிக்க வேண்டியது வெடிக்கவில்லை. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மதிலோரம் நான் அதே நாளில் கிள்ளிய அரளியெல்லாம் மும்மூன்றாகத் தழைத்து, கார்த்திகைக்கு மொட்டே வைத்துவிட்டது. மரம் அசையவில்லை. உச்சிக்குப் பக்கத்துக் கிளைகளில் ஒன்றாவது தலையைத் தூக்கி மேலே வரும் என்று தினமும் போய்ப் பார்த்தேன். இடம் காலியாக இருக்கிறது, ஏறிக்கொள்ள வேண்டியதுதானே? ஒன்றுகூட ஏறவில்லை. ஐந்தும் முன்பு நீட்டியபடியே பக்கவாட்டில் கை நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் கோபம் போய், பயம் வந்தது. நான் என்ன மாதிரி ஒன்றின் மேல் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள், வெட்டுக்குக் கொஞ்சம் கீழே, தண்டின் வெறும் பட்டையில் இரண்டு பச்சைப் புள்ளிகளைப் பார்த்தேன். கிளையிலிருந்து வரவில்லை, மரத்தின் நடு உடம்பிலிருந்து வந்தன. மூன்று மாதம் சத்தமே இல்லாமல் உள்ளே என்னவோ நடந்திருக்கிறது. இரண்டும் வளைந்து நிமிர்ந்து, நெட்டுக்குத்தாக மேலே போயின. ஒருநாள் இரண்டையும் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள். எண்ணினேன். இதிலும் ஐந்து, அதிலும் ஐந்து. வாசலில் ஆள் போவதும் வருவதும் மறந்து நான் வாய்விட்டு "முருகா" என்றேன்.

அரளியாக இருந்தால் இரண்டையும் விட்டிருப்பேன், இரட்டைப் பூ லாபம். இதில் ஒன்றைத்தான் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் கெடும் என்று பார்த்தாலே புரிந்தது. கத்தரியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் நுனியைக் கிள்ளியிருக்கிறேன், எதைக் கிள்ளுவது என்று யோசித்தது அன்றைக்குத்தான். ஒன்றை எடுத்தேன். மற்றது உச்சியானது. மரம் மறுபடி ஏறத் தொடங்கியது. நான் வெட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோணல் நின்றுவிட்டது.

மரம் பிழைத்துவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அந்த நேரத்தில் அண்ணனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. ஒருமுறை விழுங்கிய வார்த்தை இரண்டாம் முறை தானாகவே உள்ளே போய்விடுகிறது.

சேர்மன் வந்தார். மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கொண்டு, தான் நட்ட மரத்தைத் தாண்டி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மதிலோரம் போனார். அரளி கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. கூட வந்தவரிடம் இது என்ன பூ என்று கேட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு பூவைப் பறித்து முகரப் போனவரை, "சார் சார், பாய்சன் சார்!" என்று நாங்கள்தான் தடுத்தோம். அவருக்காக ஒரு மனிதரின் வேலை போயிருந்தது. அந்த மரம் அவருக்கு ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டு கிளைகளின் கதை வேறு. பெயின்ட் டப்பாவில் நட்டேன். ஒன்று காய்ந்தது, ஒன்று ஆறு மாதம் கழித்து வேர் விட்டது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அது நிமிரவில்லை. டப்பாவின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலேயே நீண்டது. கம்பு நட்டுக் கட்டி ஒரு வருடம் நிமிர்த்தி வைத்தேன். கட்டை அவிழ்த்ததும் புதுத் துளிர் மறுபடி பக்கவாட்டில் போனது. டப்பாவைத் திருப்பி வைத்தாலும் அதே கதைதான்.

"இன்னாடி, உன் மரம் பாய் போட்டுப் படுத்துகினு கீது?" என்று பக்கத்து வீட்டு அக்கா போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஒரு நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "கிளைய நட்டா கிளைதாம்மா வரும். நூறு வருசம் ஆனாலும் அது நிமிராது. அதுக்குத் தான் கிளைன்னு தெரியும். நடுக்கொண்டைய நட்டாதான் மரம். அத இன்னா பண்ண?"

"குப்பைல போட்டேன்."

"அடப்பாவமே," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே நினைப்புதான். அரளியில் எந்தக் குச்சியை ஒடித்து நட்டாலும் முழுச் செடி. உடம்பெல்லாம் ஒரே சமம். இந்த மரத்தில் ஒரு துண்டு வேர்விட்டு, தனி மண்ணில் தனியாக வாழ்ந்தாலும் தன் இடத்தை மறக்கவில்லை. இல்லாத ஒரு நடுமரத்திலிருந்து கை நீட்டிக்கொண்டே இருக்கிறது. இத்தனை பெரிய விஷயம் ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் நடக்கிறது, நான் அதற்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

2015-ல் எங்கள் குழுவில் ஒருத்தியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பென்னலூரில் வைத்திருந்தார்கள். வீடு தேடிக்கொண்டு போகிறேன். வரிசையாகக் கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஆஸ்பெஸ்டாஸ் ரூம்கள், கொடியெல்லாம் யூனிஃபார்ம் சட்டைகள். அந்தக் கூரைகளுக்கு மேலே ஒரு பச்சைக் கொண்டை தெரிந்தது. கோழிக்கொண்டை. கால் அங்கேயே நின்றுவிட்டது.

சந்துக்குள் போனேன். தென்மாவட்டப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற சின்ன மெஸ். வாசலில் அந்த மரம். மெஸ் உள்ளேயிருந்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வா தங்கச்சி," என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி.

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு வெட்னது நான்தாண்ணா."

"தெரியும்லா," என்றார்.

"எப்டி?"

"குப்பையில கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அடி சாய்வா இருந்துச்சு. நம்ம தோட்டத்துல சாய்வா வெட்டுத ஆளு யாரு? நான் கத்தரிய வச்சா நேரா நறுக்குதவன்."

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"நான் சொன்னா நம்பவா போறாவ? நீ சொல்லுவன்னு நெனச்சேன். ரெண்டு நாளு அந்த டீக்கடையில நின்னு பாத்தேன்."

நான் பின் கேட் வழியாகப் போனது அவருக்குத் தெரியுமா என்று கேட்கத் துணிவில்லை. "என்னை மன்னிச்சுருண்ணா" என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார்.

"எட்டு மாசம் வேல கெடைக்கல. மூடை தூக்கப் போனா வயசாயிட்டும்பான். வீட்டுக்காரிதான் நாலு ரூமுக்குச் சமைச்சுக் குடுத்து காப்பாத்துனா. அந்த எட்டு மாசமும் நான் இதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு கெடந்தேன். வேற சோலி இல்லைலா. செத்துப் போச்சுன்னே நெனச்சேன். திடீர்னு ஒருநாள் கொண்டையில பச்ச."

அவருக்கு நர்சரிக்காரர் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்டியெறிந்ததை எடுத்துப் போய் ஊன்றியிருக்கிறார், அவ்வளவுதான். நான் குப்பை என்று எறிந்ததில் மரம் முழுவதும் இருந்திருக்கிறது. நான் அழகு என்று எடுத்துப் போனது இன்னும் என் வாசலில் படுத்துக்கிடக்கிறது. என் சாய்ந்த வெட்டு இந்த மரத்தின் அடியில், மண்ணுக்குள் எங்கோ இருக்கிறது.

"அங்க நிக்கது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நடுவுல ஒரு கோணல் கீதுண்ணா. மேல நல்லா போது."

"ம்," என்றார்.

மரத்தின் அருகே போனேன். நெஞ்சு உயரத்தில் இருந்த அடுக்கைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அஞ்சு," என்றேன்.

"மேல எண்ணு," என்றார்.